சுப்பீரியர் ஏரியில் பிந்தி வரும் கோடை

கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் இடையே உள்ள ஐந்து பேரேரிகளுள் வடக்கே அமைந்த சுப்பீரியர் ஏரி, ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீட்டர் பரப்பும் 406 மீட்டர் வரை ஆழமும் கொண்டது; இலங்கைத் தீவு முழுவதையும் அதனுள் வைத்தாலும் இடம் மிஞ்சும். இந்த ஏரி பலிகொண்ட உயிர்களைப் பற்றி எழுதியவர்கள் புயலையும் அலையையும் உடைந்த கப்பல்களையும் பற்றியே மிகுதியாக எழுதினர். தண்ணீரின் குளிர், மூழ்குவதற்கு முன்பே மனிதனைச் செயலிழக்கச் செய்யும் தனியொரு காரணம் என்பதை மருத்துவ அறிவியல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாக வரையறுத்தது.

அக்குளிரின் இயல்பு ஏரியின் ஆழத்திலிருந்து பிறப்பது. நன்னீர் 4 பாகை செல்சியசில் மிக அடர்த்தியாகிக் கீழே இறங்குவதால், சுப்பீரியரின் அடிநீர் ஆண்டு முழுவதும் அந்த வெப்பநிலையை ஒட்டியே நிற்கிறது. குளிர்காலத்தில் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும் மேல்நீர், இளவேனிலில் மெல்லச் சூடேறி 4 பாகையை எட்டும்போது அடிநீரோடு கலந்து புரள்கிறது. இதை ஏரியியலார் புரட்டம் என்பர். நடு ஏரியில் இப்புரட்டம் ஜூன் கடைசி வரையிலும் நீடிப்பதுண்டு. அதன் பின்னரே மேலே ஒரு வெப்ப அடுக்கு உருவாகி, ஆகஸ்டு இறுதியில் தன் உச்சத்தை அடைகிறது. ஆகவே, கரையில் வெயில் 25 பாகையைத் தொடும் ஜூன் நாளிலும், சற்று உள்ளே தண்ணீர் 4 அல்லது 5 பாகையிலேயே இருக்கலாம்.

ஏரிக்கரையின் தொல்குடிகளான ஒஜிப்வே மக்கள் இந்த நீரை மிகுந்த அச்சத்தோடும் மரியாதையோடும் அணுகினர். மிஷிபெஷு என்னும் கொம்புடைய நீர்ப்புலி ஏரியின் அடியில் வாழ்கிறது என்பதும், அதுவே நீரைக் கொந்தளிக்கச் செய்கிறது என்பதும் அவர்கள் நம்பிக்கை. ஒன்டாரியோவின் அகாவா பாறையில் செங்காவியால் தீட்டப்பட்ட அதன் உருவத்தை, நீர்மட்டத்தை ஒட்டிய வழுக்குப் பாறையில் நின்றுகொண்டு இன்றும் காணலாம். ஏரியைக் கடக்குமுன் அவர்கள் புகையிலையைக் காணிக்கையாக நீரில் இடுவர். பதினெட்டாம் நூற்றாண்டில் மென்மயிர்த் தோல் வணிகத்திற்காகப் பூர்ச்ச மரப்பட்டைத் தோணிகளைச் செலுத்திய பிரெஞ்சு கனடியத் துடுப்பாளர்களும், நடு ஏரியைத் தவிர்த்துக் கரையோரமாகவே சென்றனர். காற்று எதிர்த்தால் நாட்கணக்கில் குடாக்களில் காத்துக்கிடந்தனர். இவ்வழக்கங்களை வெறும் மூடநம்பிக்கை என்றோ கோழைத்தனம் என்றோ ஒதுக்குவது பெரும் பிழை. விழுந்தவன் நெடுநேரம் தாங்கமாட்டான் என்ற பட்டறிவு அவற்றுள் பொதிந்திருந்தது.

1855இல் சூ செயின்ட் மேரியில் பூட்டுக்கால்வாய் திறக்கப்பட்டு இரும்புத்தாதுக் கப்பல்கள் பெருகியபோது, அந்தப் பொறுமைக்கு இடமில்லாது போயிற்று. ஒயிட்ஃபிஷ் முனைக்கு மேற்கேயுள்ள கரையில் 1876இல் நான்கு உயிர்காப்பு நிலையங்கள் நிறுவப்பட்டன. தக்கைச் சட்டை அணிந்த காவலர்கள் அங்கிருந்து துடுப்புப் படகுகளில் சென்று மாலுமிகளை மீட்டனர். இத்தகைய காவலர்களின் கருவிகளுக்கும் எல்லை இருந்தது என்பதை 1905 நவம்பர் 28 காட்டிற்று. மினசோட்டாவின் டுலூத் துறைமுகக் கால்வாயின் வாயிலில் மோதிக் கரைக்கு மிக அருகே உடைந்துநின்ற மட்டாஃபா என்னும் கப்பலை, ஆயிரக்கணக்கான மக்கள் இரவெல்லாம் தீ மூட்டிக் காத்தபடி பார்த்துநின்றனர். கரையிலிருந்து சிறு பீரங்கியால் எறிந்த மீட்புக் கயிறுகள் பனியேறி உறைந்து பயன்படாமல் போயின. பின்பகுதியிலிருந்து அலையடித்த மேல்தளத்தின் வழியே முன்பகுதிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் மூவரே. முன்பகுதியில் நெருப்பு மூட்டிக்கொண்ட 15 பேர் விடியும்வரை பிழைத்திருந்தனர். பின்பகுதியில் தங்கிய 9 பேரும் மாண்டனர்.

எனினும் குளிரால் நேரும் சாவை மூழ்கிய சாவாகவே கணக்கிடும் வழக்கம் நீடித்தது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது உயிர்காப்புச் சட்டையோடு மிதந்தபடியே பலர் இறந்திருந்தும், நீரில் மூழ்கியதே காரணம் எனப் பதிவாயிற்று. இரண்டாம் உலகப் போரின் கடற்சாவுகளும், 1963இல் லக்கோனியா என்ற பயணக் கப்பல் தீப்பற்றியபோது ஏறத்தாழ 18 பாகை நீரிலும் பலர் குளிரால் மாண்டதும் மருத்துவர்களை விழிக்கச் செய்தன. கீட்டிங், கோல்டன், டிப்டன் முதலியோரின் ஆய்வுகளால் குளிர்நீர் மனித உடலைப் படிப்படியாகத் தாக்கும் முறை புலப்பட்டது. முதற்படி குளிர் அதிர்ச்சி: தோல் திடீரெனக் குளிர்ந்ததும் மூச்சு தானாகவே உள்ளிழுக்கப்படும், அந்நேரம் வாய் நீருக்கடியில் இருந்தால் அதுவே போதும். அடுத்து, கைகால் தசைகள் குளிர்ந்து, தேர்ந்த நீச்சல்காரரும் நீந்த இயலாமல் போவர். உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவது அதற்கும் பிறகே. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கீஸ்பிரெக்ட் இதை எளிய கணக்காகப் பரப்பினார்: மூச்சை நிதானப்படுத்த ஒரு நிமிடம், கைகால் பயன்படும் காலம் பத்து நிமிடம், நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

கோடையின் உச்சத்திலும் இந்த ஏரியை முழுதாக நம்பிவிட முடியாது. மினசோட்டாவின் வடகரை ஓரமாகத் தென்மேற்குக் காற்று வீசும்போது, புவிச் சுழற்சியின் விளைவால் வெதுவெதுப்பான மேல்நீர் கரையைவிட்டு விலக, அடிநீர் அவ்விடத்தில் மேலெழுகிறது. முந்தைய நாள் குளிக்க இதமாயிருந்த கரையில் மறுநாள் கால் வைக்கவே கூசும். டுலூத்தின் நீண்ட மணற்கரையான பார்க் பாயின்டிலோ, வெதுவெதுப்பான நீரைக் கரையில் சேர்க்கும் வடகிழக்குக் காற்றே அலையையும் எழுப்பி, குளிப்பவரை உள்ளிழுக்கும் நீரோட்டங்களையும் உண்டாக்குகிறது. அங்கே நீர் இதமாக இருக்கும் நாளே அலை மிகுந்த நாளாகவும் அமைந்துவிடலாம். 1988இல் விக்கி கீத் என்னும் கனடிய வீராங்கனை ஐந்து பேரேரிகளையும் நீந்திக் கடந்தார். ஆண்டுக்கணக்கான பயிற்சியும் துணைப் படகும் உடையவரின் சாதனை அது.

1979 முதல் நடு ஏரியில் நங்கூரமிட்ட மிதவைகள் நீரின் வெப்பத்தை அளந்துவருகின்றன. அவ்வளவுகளைக் கொண்டு ஆஸ்டின், கோல்மன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 2006 வரையிலான காலத்தில் கோடைகால மேல்நீர் ஏறத்தாழ 2.5 பாகை சூடேறியிருப்பதையும், குளிர்காலப் பனிக்கட்டிப் போர்வை குறைந்து வெப்ப அடுக்கு முன்கூட்டியே அமைவதையும் காட்டிற்று. குளிக்கும் பருவம் நீள்வதால் கரைக்கு வருவோர் பெருகலாம். ஆயினும் இளவேனிற்கால ஏரி குளிராகவே இருக்கிறது.

ஒன்டாரியோவில் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்வதால் இவ்வரலாறு அவர்களுக்கும் உரியது. கனடாவில் புதிதாகக் குடியேறியோர் நீந்தத் தெரியாதவராயிருக்கும் வாய்ப்பு, அங்கேயே பிறந்தோரைவிட நான்கு மடங்கு என்று அந்நாட்டு உயிர்காப்புச் சங்கம் கண்டுள்ளது. வெயில் ஏறினால் குளத்துநீரும் வெதுவெதுப்பாகும் நாட்டிலிருந்து சென்றவர்கள், மே, ஜூன் மாதங்களில் ஏரிக்குப் புறப்படுமுன் அன்றைய நீர்வெப்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். படகேறுமுன் கரையிலேயே பிள்ளைகளுக்கு உயிர்காப்புச் சட்டையை அணிவித்து, தாமும் அணிந்துகொள்ள வேண்டும்.