விண்ணுக்குக் காசு கேட்ட கதை: கோடைக்கானல் முதல் பொட்டிபுரம் வரை

விண்வெளி அறிவியலுக்கு அரசு கூடுதலாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் மனுக் கொடுக்க, பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழ் ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாகி வருகிறார்கள். மனுவோடு இணைக்க ஒரு வரலாற்றுக் குறிப்பு வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். குறிப்பு நீண்டு கட்டுரையாகிவிட்டதால் மலர் வாசகர்களுக்கும் அதைத் தருகிறேன்.

அவர்களில் ஒருவர், "சார், எம்.எல்.ஏ.கிட்ட போய் ராக்கெட்டுக்குக் காசு கேட்டா, ரோட்டுக்கே காசில்லைன்னு சொல்லிடுவாரே" என்றார். நியாயமான பயம்தான். ஆனால் இதைவிட மோசமான காலத்தில், நம் மலைத்தொடரை ஒட்டியே, ஒரு விண்ணாய்வுக் கூடத்தைக் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். அந்தக் கதையிலிருந்து தொடங்குவோம்.

தாது வருஷப் பஞ்சமும் சூரியப் புள்ளிகளும்

1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. கஞ்சித் தொட்டிகளும் கூலி தேடி மலையேறியதும் கடல் தாண்டியதும் அந்தக் காலத்தின் அடையாளங்கள். பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877-இல்தான் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னாளில் அந்த மலைகளில் தேயிலைக்காகக் குடியேறியவர்களே இன்றைய மூணாறுத் தமிழர்களில் பலருடைய முன்னோர்.

அதே 1877-இல் இலண்டனில் நார்மன் லாக்கியர் என்ற வானியலாளரும், இந்திய அரசின் புள்ளிவிவரத் தலைவர் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. சென்னையின் மழையும் அதையொட்டியே கூடிக் குறைகிறது. ஆகவே சூரியனைக் கவனித்தால் பஞ்சத்தை முன்னறியலாம் என்பது அவர்கள் வாதம். பிணக்குவியலைப் பார்த்துத் திகைத்திருந்த ஆட்சிக்கு இது காதில் விழுந்தது.

1882-இல் சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவர் நார்மன் போக்சன், சூரியனையும் விண்மீன்களையும் படமெடுக்க 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தென்னாட்டு மலை ஒன்றில் நிறுவ வேண்டும் என்று கேட்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிக்கி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் தங்கி, வானம் எத்தனை நாள் தெளிவாக இருக்கிறது என்று கணக்கெடுத்தார். போக்சன் 1891-இல் காலமானார். 1893-இல் கெல்வின் பிரபு தலைமையில் இங்கிலாந்தில் கூடிய குழு கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. 1895-இல் அடிக்கல், 1899-இல் கூடம் கோடைக்கானலுக்கு மாறியது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே 17 ஆண்டுகள்! மனு எழுதும் நண்பர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. இடுக்கி மலைகள் திருவிதாங்கூரில். கோடைக்கானலிலிருந்து மேற்கே மலைமுகட்டோடு போனால் வட்டவடை, டாப் ஸ்டேஷன் என்று நம் எல்லை வந்துவிடும். ஆகவே இதை அயலூர்க் கதை என்று தள்ள முடியாது.

வாக்குறுதி என்ன ஆயிற்று?

சூரியப் புள்ளியை வைத்து மழையைச் சொல்ல முடிந்ததா? இல்லை. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை அந்த உறவைப் புள்ளிவிவரத்தால் சோதித்தார். முன்னறிவிப்புக்கு உதவும் அளவு வலு அதில் இல்லை என்று கண்டார். மாறாக, பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்தம் ஊசலாடுவதை அவர் அடையாளம் கண்டார். இன்று எல் நினோவோடு சேர்த்துப் பேசப்படும் தென் அலைவு அதுதான்.

அப்படியானால் கோடைக்கானல் வீணா? அதுவும் இல்லை. 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. நூறாண்டுக்கும் மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. அந்தக் கூடத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். 1956 வரை திருவிதாங்கூர், கொச்சியோடு இருந்த எல்லை ஊர் அது.

வாக்குறுதி பொய்த்தது, நிறுவனம் நிலைத்தது. பணம் கேட்பவர் இதைப் பாடமாகக் கொள்ளலாம். ஆனால் இது அன்று நடந்த கதை. அன்று ஓட்டுப் போடும் குடிமகன் இல்லை. பஞ்சத்தில் செத்தவனை யாரும் கேட்கவில்லை. இன்று பொய்த்த வாக்குறுதி நிறுவனத்தையே சாய்த்துவிடும்.

பணம் வந்தும் வராத திட்டம்

இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டப் பொட்டிபுரம் இதற்குச் சாட்சி. விண்ணிலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களை ஆராய, போடி மேற்கு மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புக் கருவி வைக்கத் திட்டமிட்டார்கள். முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா; யானை வழித்தடம் என்பதால் 2009-இல் அது கைவிடப்பட்டது. பொட்டிபுரத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. பணம் கிடைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நடந்தது வேறு. மலையைக் குடைந்தால் தண்ணீர் என்னாகும், அணைகள் என்னாகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நியூட்ரினோவால் தீங்கில்லை என்பது உண்மை. ஒவ்வொரு நொடியும் அவை கோடானுகோடியாக நம் உடலைக் கடந்து போகின்றன. ஆனால் ஊர் பயந்தது துகளுக்கு மட்டுமல்ல, வெடிவைப்புக்கும்தான். 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தும் அதற்குரிய முறையில் திட்டம் பரிசீலிக்கப்படவில்லை என்பது காரணம். 2018-இல் மறுபடி அனுமதி கிடைத்தது. 2022-இல் தமிழக அரசு, திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

தும்பாவை ஒப்பிட்டுப் பாருங்கள். விக்ரம் சாராபாய் நிலத்துக்காக ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைப் போய்ப் பார்த்தார். ஆயர் கோயிலில் மக்களையே கேட்டார். 1963 நவம்பர் 21-இல் ராக்கெட் பறந்தது. மக்களைக் கடைசியில் கேட்டால் மறுப்புத்தான் வரும்.

நம் மனுவில் என்ன இருக்க வேண்டும்?

முதலாவது, யாரிடம் எதைக் கேட்பது என்ற தெளிவு. விண்வெளித் துறைக்கு (1972-இல் அமைந்தது) பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம். துறையின் மானியக் கோரிக்கையை ஆராய்வது நாடாளுமன்ற நிலைக்குழு. அதற்கு எம்.பி.யைப் பார்க்க வேண்டும். எம்.எல்.ஏ.விடம் கேட்கத் தக்கவை நிலம், பள்ளி, பேரிடர் எச்சரிக்கை, சட்டமன்றத்தில் ஒரு குரல்.

இரண்டாவது, நம் மண்ணின் காரணம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரை விழுங்கியது. லயங்களில் உறங்கிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அவை. செய்தி வெளியே போய்ச் சேர விடிந்துவிட்டது. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் 2023-இல் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பில், 147 மாவட்டங்களில் பாலக்காடு 5-ஆம் இடம், இடுக்கி 18-ஆம் இடம். 2025 ஜூலை 30-இல் ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள் நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் அளக்கக் கூடியது. ரோட்டுக்கே காசில்லை என்பவரிடம், "ரோடு எந்த மலையில சரியும்னு சொல்றதும் இந்தக் காசுதான்" என்று சொல்லலாம்.

மூன்றாவது, அளவோடு பேசுவது. செயற்கைக்கோள் சரிவு நேரும் நாளைக் குறித்துக் கொடுக்காது. ஆபத்தான சரிவுகளைக் காட்டும், மழை மேகத்தைக் காட்டும். அந்தச் செய்தி லயத்துக்குத் தமிழில், அன்றிரவே வந்து சேர வேண்டும் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். சூரியப் புள்ளி போல இன்னொரு வாக்குறுதியை நாம் தர வேண்டாம்.

நான்காவது, மொழி. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம்; பதிலும் தமிழில் பெறலாம். ஆகவே மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள்; மலையாளப் படி ஒன்றை உடன் வையுங்கள். லயத்தில் இருக்கும் அம்மாவுக்கும் அப்பனுக்கும் முதலில் அதை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் "சரிதான்" என்று சொன்ன பிறகு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகலாம்.