நான் இன்னார் என்பதற்குச் சான்று

2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தாராவியில் வீட்டுக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையினின்றும் வந்து தலைமுறைகளாக அங்கு வாழும் நம்மவர், தகரப் பெட்டிகளைத் திறந்து மின்கட்டணச் சீட்டுகளைத் தேடலாயினர். 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்பே அங்குத் தரைத்தளத்தில் குடியிருந்ததாக மெய்ப்பிப்போர்க்கே தாராவிக்குள் இலவச வீடு. அதே திங்கள் 14ஆம் நாள், தாம் இன்னார் என்று மெய்ப்பிக்க முயன்ற ஒருவர் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் தோற்றார். அவ்வழக்கில் இந்திய எழுத்துகளுக்கும் ஒரு பங்குண்டு. ஆதலின் அதனை நேயர்கட்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பிட்காயின் என்னும் மின்னியல் நாணயத்தின் அமைப்பை விளக்கும் கட்டுரை 2008 அக்டோபர் 31இல் வெளிவந்தது. எழுதியவர் பெயர் சதோஷி நகமோட்டோ. அது புனைபெயர்; அவர் யாரென்பது இன்றளவும் விளங்கவில்லை. ஆஸ்திரேலியரான கிரெய்க் ரைட் என்பார், அவர் தாமே என்று 2016 மே மாதத்தில் உலகறியக் கூறினார். வெறும் புகழாசை என்று அதனைத் தள்ளிவிட இயலவில்லை. அவ்வுரிமையைக் காட்டி நிரல் எழுதுவோர் மீது வழக்குகளும் தொடுத்தார்.

மெய்ப்பிக்க எளிய வழி இருந்தது. அந்நாணயத்தின் தொடக்கப் பதிவுகளுக்கு உரிய மறைசாவி சதோஷியிடம் இருத்தல் வேண்டும். அதனைக் கொண்டு ஒரு வாசகத்திற்குக் கையொப்பமிட்டால், சாவியைக் காணாமலே எவரும் ஒப்புநோக்கலாம். ரைட் வெளியிட்ட கையொப்பமோ, 2009இல் நடந்த பழைய கொடுக்கல் வாங்கலிலிருந்து எடுக்கப்பட்டது! பின்னர், சாவிக்குரிய தகட்டை உடைத்துவிட்டதாகக் கூறினார்.

சாவிக்கு மாற்றாக அவர் கொணர்ந்தவை ஆவணங்கள். பிட்காயினுக்கு முந்தியதாகக் காட்டப்பட்ட ஒன்றனுள் ‘நிர்மலா’ என்னும் எழுத்துருவின் பெயர் பதிந்திருந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளுக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012இல் வெளியிட்ட எழுத்துரு அது; மொழிபெயர்ப்பு அலுவலில் நாம் நாள்தோறும் கண்ணுறுவது. பிறவா எழுத்து முன்னமே ஆவணத்தில் ஏறியது எங்ஙனம்? நீதிபதி மெல்லர், ரைட் சதோஷி அல்லர் என்றும், அவர் பொய்யாவணங்கள் புனைந்தார் என்றும் தீர்ப்பளித்தார்.

இதற்கு நேர்மாறான வழக்கொன்று நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. டாக்கா மாவட்டத்துப் பாவல் ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்தாரென மருத்துவரின் சான்றிதழ் கூறிற்று. பன்னிரண்டாண்டுகள் கழித்து ஒரு துறவி, தாமே அக்குமாரர் என்றார். 1930இல் வழக்குத் தொடர்ந்தார். சாட்சிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். உடற்குறிகளையும் மக்கள் வாக்கையும் நிறுத்துப் பார்த்த நீதிபதி பன்னாலால் பாசு, 1936இல் துறவியே குமாரர் என்றார், சான்றிதழ் நிற்கவில்லை. 1946இல் பிரிவி கவுன்சிலும் அதனை உறுதி செய்தது.

பாவல் துறவிக்காகச் சாட்சி சொல்ல ஊரே திரண்டது. தாராவியிலோ அண்டை வீட்டார் அறிவர், கோயில் அறியும். ஆயினும் கேட்கப்படுவது ஆண்டு பொறித்த தாள். 2005 ஜூலை 26ஆம் நாள் வெள்ளத்தில் நனைந்த பெட்டிகளில் அத்தகைய தாள்களும் இருந்தன.