லெனின்கிராடு வெள்ளமும் இராயபுரத்து நாயும்

இராயபுரத்திலிருந்து ஊர்த் திருவிழாவுக்குப் புறப்படும் ஒரு குடும்பம், தன் வளர்ப்பு நாயைத் திருவொற்றியூரில் உள்ள நண்பர் வீட்டில் ஒப்படைத்துச் செல்கிறது என வைத்துக்கொள்வோம். அன்றிரவு நாய் சோற்றைத் தொடுவதில்லை. கதவைப் பிறாண்டுகிறது, ஊளையிடுகிறது. தெருவுக்குப் போய்ப் பழகிய அது, கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. "நன்றாக வளர்த்திருக்கிறார்கள்!" என்று நண்பர் முணுமுணுக்கக்கூடும். வாசகர்களே, இது வளர்ப்பின் குற்றந்தானா? விடை தேட, நூறாண்டுகளுக்கு முந்தைய ஒரு வெள்ளத்திற்குச் செல்வோம்.

1924 செப்டம்பர் 23. ருஷ்யாவின் லெனின்கிராடு நகரில் நேவா ஆறு வழக்கமான மட்டத்திற்கு மேல் 3.8 மீட்டர் உயர்ந்தது. செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவின் ஆய்வு நாய்கள் அந்நகரில்தான் இருந்தன. கொட்டிலுக்குள் வெள்ளம் புகவே, உதவியாளர்கள் அவற்றை நீரில் நீந்தவைத்துச் சற்றுத் தொலைவிலிருந்த ஆய்வுக் கட்டடத்தில் சேர்த்தனர். ஒன்றாக அடைத்தால் சண்டையிடும் நாய்கள் அன்று சத்தமின்றி ஒடுங்கிக் கிடந்தன.

மணியோசை கேட்டால் உணவு வரும் என்று கற்றுக்கொண்ட நாய்க்கு, ஓசை கேட்டதுமே எச்சில் ஊறும். பாவ்லோவின் இந்தச் சோதனையைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு, சில நாய்கள் கற்றதை அறவே மறந்துவிட்டன! எல்லா நாய்களும் அல்ல. இயல்பிலேயே அச்சம் மிகுந்தவை மட்டுமே. அவற்றுள் ஒன்றைப் பாவ்லோவின் உடனாய்வாளர் ஸ்பெரான்ஸ்கி கவனித்தார். சோதனை அறையில் தனியே விட்டால் அது உணவைக்கூட மறுத்தது. ஸ்பெரான்ஸ்கி உள்ளே வந்து அருகில் அமர்ந்தால், கற்றவை திரும்பின. இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. அவருடைய உடை ஒன்றை நாயின் கண்ணில் படாமல் அறைக்குள் மறைத்து வைத்தபோதும் ஓரளவு பலன் தெரிந்தது. வாசனையே ஆறுதலாயிற்று!

நாய் மெல்லத் தேறியது. பின்பு ஒருநாள், கதவின் அடியில் ஓசையின்றிச் சிறிது நீரைக் கசியவிட்டனர். அவ்வளவுதான், நாய் பதறி மூச்சிரைத்தது, கற்றவை மீண்டும் மறைந்தன.

உணவு மறுப்பதன் காரணத்தை, பாவ்லோவுக்கு முன்பே அமெரிக்காவில் வால்டர் கேனன் கண்டிருந்தார். ராண்ட்ஜன் 1895இல் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்களை ஓரிரு ஆண்டுகளுக்குள் அவர் பூனையின் வயிற்றின் மேல் செலுத்திப் பார்த்தார். (இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.) பூனை கலவரமடைந்ததும் இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது. அச்சம் வயிற்றை ஆள்கிறது, சிறுநீர்ப்பையையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே நம் நண்பரின் கூடம் நனைந்தது குறும்பினால் அன்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதி வீடுகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். அதைக் கண்ட நாய், பிறர் வீட்டில் குழாய் நீர் தரையில் ஓடினாலே ஏன் நடுங்கக்கூடும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? நம் பகுதிக்கு ஒலியும் ஒரு தொல்லை. மனிதக் காதின் எல்லை வினாடிக்கு 20,000 அதிர்வுகள். நாய்க்கோ ஏறத்தாழ 45,000. கன்டெய்னர் லாரி காற்று பிரேக்கை விடுவிக்கும் சீறலில், நமக்கு எட்டாத அதிர்வுகளும் கலந்திருக்கும்.

எனவே நாயை ஒப்படைப்பவர், துவைக்காத பழைய சட்டை ஒன்றையும் உடன் கொடுக்கட்டும். முதல் இரவு நாயைத் தனி அறையில் பூட்டாமல், யாரேனும் அருகில் படுப்பது நல்லது. உண்டவுடனும் விழித்தவுடனும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டுக்குள் கழித்துவிட்டால் அடிப்பது வீண். அச்சம் கூடும், ஈரமும் கூடும். சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாவதால், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் அதே இடத்திற்கு நாயை மறுபடி அழைக்கலாம். நொதி கலந்த திரவமே ஏற்றது.

சில நாட்களிலும் நிற்காவிட்டால் சிறுநீர்ப்பை நோயாகவும் இருக்கலாம். பிரிவுத் துயருக்கே மருந்தும் உண்டு. குளோமிப்ரமினை நாய்களுக்குத் தர அமெரிக்கா 1998இல் அனுமதித்தது. ஆனால் அதை மருத்துவர்தான் தர வேண்டும். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. இராயபுரத்திலிருந்து அதிகத் தொலைவில்லை.