அரை இஞ்சு என்பது அரை இஞ்சு இல்லை

போன வருஷம் நியூஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்த மச்சான், எங்க வீட்டு பாத்ரூமுக்குன்னு ஒரு ஷவர் வால்வு வாங்கிட்டு வந்தார். பளபளன்னு நல்ல கனமான பித்தளை. கோயமுத்தூர்ல கிடைக்காத ஷவரா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. தங்கமணி பக்கத்தில் இருந்ததால் முழுங்கிவிட்டேன் :-)

பிளம்பரைக் கூப்பிட்டோம். வால்வின் இரண்டு பக்கமும் அரை இஞ்சு ஆண் மரை. சுவருக்குள் ஏற்கெனவே இருந்தது அரை இஞ்சு பித்தளை எல்போ. அரைக்கு அரை, அப்புறம் என்ன? மாட்டி, டைல்ஸ் ஒட்டிட்டுப் போய்விட்டார். பத்தே நாளில் அந்தப் பக்கத்து பெட்ரூம் சுவரில் ஈரம். டைல்ஸை உடைத்துப் பார்த்தால் மரை வழியாக நிதானமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது தண்ணீர்.

இரண்டாவது தடவை அவர் வேலை செய்தபோது ஸ்டூல் போட்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். டெஃப்ளான் டேப் எத்தனை சுத்து சுத்துகிறார் என்று எண்ணினேன். செல்போனில் போட்டோ வேற. மனுஷன் ஒன்றும் சொல்லவில்லை. "மூணு சுத்துக்கு மேல கையில போக மாட்டேங்குதுங்க சார். ரிஞ்சு போட்டு இறுக்குனா எல்போ விட்ரும்" என்றார். வேலை தெரியாதவன் சொல்லும் சாக்கு என்று நினைத்துக்கொண்டேன். "இறுக்குங்க" என்றேன். இறுக்கினார். எல்போ விட்டது. புது எல்போ, மறுபடி டேப், மறுபடி கசிவு. பாக்கி 600 ரூபாயைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் இந்த மரை சமாச்சாரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைந்தது.

முதலில், அரை இஞ்சு பைப்பில் எங்கேயுமே அரை இஞ்சு கிடையாது. ஸ்கேல் வைத்துப் பாருங்கள், வெளி விட்டம் 21 மில்லிமீட்டர் கிட்டே வரும். அரை இஞ்சு என்றால் 12.7 தானே? விஷயம் பத்தொன்பதாம் நூற்றாண்டு கேஸ் விளக்கு காலத்துக்குப் போகிறது. 1825-ல் கார்னீலியஸ் வைட்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் இரும்புத் தகட்டைச் சூடாக்கி, வளைத்து, ஓரங்களைப் பற்றவைத்துக் குழாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கேஸ் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். அந்தக் காலத்து இரும்புக்குச் சுவர் தடிமனாக இருக்கவேண்டும். அரை இஞ்சு என்று சொன்னது உள்துவாரத்தை. பின்னால் நல்ல உலோகம் வந்து சுவர் மெலிந்தபோது வெளி அளவைக் குறைக்க முடியவில்லை. குறைத்தால் ஊரில் இருக்கும் பழைய மரை எதுவும் சேராதே! அதனால் பெயர் மட்டும் மிஞ்சியது.

அடுத்தது மரை. ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் அதன் சொந்த மரை. போல்ட் தொலைந்தால் நட்டையும் தூக்கிப் போடவேண்டியதுதான். ஹென்றி மாட்ஸ்லேயின் லண்டன் பட்டறையில் தொழில் கற்ற ஜோசப் விட்வொர்த், பிறகு மான்செஸ்டரில் சொந்தக் கடை போட்டவர், பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து 1841-ல் பொதுவான மரை ஒன்றை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி, முனையும் அடியும் உருண்டை. பிரிட்டிஷ் பைப் மரை இந்த வடிவத்தின் வாரிசு. பிரிட்டிஷ்காரன் போன இடமெல்லாம் அதுவும் போனது. நம்ம ஊர் ஐ.எஸ். 554 வரைக்கும் அதே 55 டிகிரிதான்.

அமெரிக்காக்காரன் சும்மா இருப்பானா? 1864-ல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ், 55 டிகிரியை அளந்து வெட்டுவது சள்ளை, 60 டிகிரியும் தட்டையான முனையும் சாதாரணத் தொழிலாளிக்குச் சுலபம் என்றார். நியாயமான பேச்சு என்றுதான் எனக்குப் படுகிறது. அதே ஊர் இரும்பு ஆலைக்காரர் ராபர்ட் பிரிக்ஸ் பைப்புக்கென்று 60 டிகிரியில் அளவுகள் வகுத்தார். அவர் செத்து நாலு வருஷம் கழித்து, 1886-ல், அங்கே உற்பத்தியாளர்கள் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இந்த 55-60 தகராறு சந்திக்கு வந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்த பேக்கார்ட் கம்பெனி, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. பட்ட பாட்டில் 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டன. போல்ட்டுக்கும் நட்டுக்கும் மட்டும். பைப்பை யாரும் தொடவில்லை!

இப்போது என் பாத்ரூமுக்கு வருவோம். மற்ற அளவுகளில் இரண்டு நாட்டு மரையும் சேரவே சேராது. ஒரு இஞ்சு பைப்பில் இங்கே இஞ்சுக்கு 11 மரை, அங்கே பதினொன்றரை, மாட்டும்போதே தெரிந்துவிடும். ஆனால் அரையிலும் முக்காலிலும் இரண்டுமே இஞ்சுக்கு 14. அதனால் உள்ளே போகும்! வெளி விட்டம் அங்கே 21.3, இங்கே 20.95. இரண்டு மூன்று சுத்து சமர்த்தாகப் போய், அப்புறம் பிடித்துக்கொள்ளும். கையில் இறுக்கமாக இருக்கும். ஆனால் 60 டிகிரிப் பல்லும் 55 டிகிரிப் பள்ளமும் முழுசாக ஒட்டாமல், மரை நெடுக சுருள் படிக்கட்டு மாதிரி ஒரு சந்து ஓடும். தண்ணீருக்கு அது ராஜபாட்டை. டேப் எத்தனை சுத்தினாலும் அந்த சந்து நம்பி நிற்கிற அளவுக்கு அடையாது.

"மூணு சுத்துக்கு மேல போகலைங்க" என்றாரே, அது சாக்கே இல்லை. முழு உண்மை. படிக்காமலே விரல் நுனியில் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த அறிவாளிக்குத்தான் விளங்கவில்லை.

போன் பண்ணினேன். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நான் அப்பவே சொன்னேனுங்களே" என்றார்.

இருவருமாகக் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். வால்வைக் கையில் வாங்கிப் பார்த்த பெரியவர், "அறுபது டிகிரிங்களா? மில்லிமீட்டர் மரைக்கும் அதே டூல்தான், இருக்குதுங்க" என்று சொல்லி, உள்ளே அமெரிக்க மரை, வெளியே நம்ம மரை வைத்து இரண்டு பித்தளைத் துண்டு கடைந்து கொடுத்தார். சாயந்திரம் மாட்டினோம். ராத்திரி முழுக்க டைல்ஸ் ஒட்டாமல் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தோம். காய்ந்து கிடந்தது.

பழைய 600-ஐயும் அன்றைய கூலியையும் சேர்த்து நீட்டினேன். எண்ணாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாட்டி மச்சான் ஏதாச்சும் கொண்டாந்தா, மொதல்ல எனக்கு ஒரு போன் போடுங்க சார்" என்றார்.

டிஸ்கி: தங்கமணி இந்தப் பதிவைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதியது. மச்சானுக்கு யாரும் லிங்க் அனுப்பவேண்டாம்.