நினைவு இல்லங்களும் பொதுநிதியும்

ஒரு சமூகம் தன் கடந்த காலத்தில் எவற்றைப் பேணுகின்றது என்பதோடு, எவருடைய பணத்தைக் கொண்டு பேணுகின்றது என்பதும் வரலாற்று மாணவர் கருத வேண்டிய வினாவாகும். பொருள் வழங்குவோரின் விருப்பம் பல வேளைகளில் கண்ணாடிப் பேழைக்குள் வரலாறாக அமர்ந்துவிடுகின்றது. இவ்வுண்மையை ஒரு விளையாட்டின் இரு நூதனசாலைகளைக் கொண்டு விளக்கி, பின்னர் நமது மலையகத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய விளையாட்டாகப் போற்றப்படுவது பேஸ்போல். அதன் புகழ்பெற்ற நூதனசாலை நியூயோர்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1939ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அவ்வூர் தெரிவுசெய்யப்பட்டதற்குக் காரணம் ஒரு கதை. ஏப்னர் டபிள்டே என்பார் 1839இல் அங்கு இவ்விளையாட்டை உருவாக்கினார் என்று மில்ஸ் ஆணைக்குழு 1907இல் முடிவு கூறியது. அவ்வாண்டில் அவர் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் மாணவராயிருந்தார் என்பதே வரலாறு. எனினும், தையல் இயந்திர வணிகத்தால் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீவன் கிளார்க், பொருளாதார மந்தத்தால் நலிந்திருந்த தமது ஊருக்குப் பயணிகளை ஈர்க்க விழைந்தார். செல்வரின் ஆதரவு கிட்டியமையால் கட்டுக்கதைக்கும் ஒரு மாளிகை கிடைத்தது.

இதே காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்கள் பெருங்கழகங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். 1920இல் ரூப் பொஸ்ரரின் முயற்சியால் கன்சாஸ் நகரில் அவர்களுக்கெனத் தனிச் சங்கம் தோன்றியது. 1947இல் ஜக்கி றொபின்சன் களமிறங்கிய பின்னரே பெருங்கழகங்களின் கதவு திறந்தது. புறக்கணிக்கப்பட்ட அவ்வாட்டக்காரரின் வரலாற்றைக் கூறும் நூதனசாலை 1990இல் அதே நகரில் உருவாயிற்று. கறுப்பின மக்களின் பழைய குடியிருப்புப் பகுதியொன்றை நகரசபை பொதுநிதியைக் கொண்டு புனரமைத்தபோது, 1997இல் அதற்கு அங்கே விரிவான இடம் கிடைத்தது. 2006இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதற்குத் தேசிய அந்தஸ்தையும் அளித்தது. செல்வர் எவரும் தேடி வராத வரலாற்றுக்குத் துணைநிற்றலே பொதுநிதியின் கடன் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

இனி நமது நாட்டை நோக்குவோம். கொழும்பு நூதனசாலை 1877இல் ஆளுநர் கிரகரியின் காலத்திலே திறக்கப்பட்டது. அக்காலத்தில் குடியேற்ற அரசின் வருவாய் பெரிதும் கோப்பிச் செய்கையையே சார்ந்திருந்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து, கோப்பித் தோட்டங்களில் உழைத்து மடிந்த மக்களின் வியர்வையும் அந்த வெண்ணிற மாளிகையில் கலந்திருக்கின்றது எனல் மிகையன்று. ஆயின் அவர்களுடைய வாழ்வைக் கூறுவதற்காக அம்மாளிகை எழுப்பப்படவில்லை.

தேயிலைக்கும் ஒரு நூதனசாலை உண்டு. கண்டிக்கு அண்மையில், 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலையில், இலங்கைத் தேயிலைச் சபையின் முயற்சியால் 2001இல் அது திறக்கப்பட்டது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலரின் நினைவுப் பொருள்களும் பழைய இயந்திரங்களும் அங்கு பேணப்படுகின்றன. இயந்திரத்தின் பெயரும் உரிமையாளரின் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. கொழுந்து பறித்தவளின் பெயரை நாம் எங்கே தேடுவது? அதனைத் தேடும் முயற்சியை அரசு தொடங்கவில்லை. கம்பளைக்கு அருகில், பழைய லயமொன்றிலே, தோட்டத் தொழிலாளர் நூதனசாலையை 2007இல் அமைத்தது சமூக அபிவிருத்தி நிறுவகம் என்னும் தன்னார்வ அமைப்பாகும்.

பொல்பிட்டியவில் நின்று நோக்குவோர்க்கு இவ்வினா இன்னும் கூர்மையடைகின்றது. காசல்றீ, மவுசாகலை ஆகிய இரு நீர்த்தேக்கங்களிலிருந்தும் இறங்கும் நீர், பல மின்னிலையங்களைக் கடந்து ஈற்றில் இங்குள்ள நிலையத்தை அடைகின்றது. 1969இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் ஒளியை நாடு அறியும். ஆனால் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியதை அறிந்தோர் எத்தனை பேர்? கடும் வரட்சியில் நீர் வற்றுங்கால் அந்நகரத்துக் கோயிலின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. மழை பெய்தால் மீண்டும் மறைகின்றன. மழையும் வெயிலுமே திறந்து மூடும் நூதனசாலை அது.

இங்கு ஒரு தடையை எழுப்புவோர் உளர். இன்னும் லயத்துக் காம்பராக்களிலே மக்கள் வாழும்போது நூதனசாலைக்குப் பணம் செலவிடலாமா என்பர். இது நேர்மையான வினா. வீடா, நூதனசாலையா என்று ஒன்றை மட்டுமே தெரிய நேரின் வீடே முதன்மையானது. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிடம் கேட்டது யாது? இந்நாட்டில் உங்கள் தந்தையோ முன்னோரோ பிறந்தமைக்குச் சான்று எங்கே என்பதையே அது கேட்டது. சான்று காட்ட இயலாதோர் நாடற்றோராயினர். எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்ந்தது. ஆவணம் அற்ற சமூகம் உரிமையையும் இழக்கும் என்பதை நம் முன்னோர் அனுபவித்தே அறிந்தனர். ஆகவே தோட்டத்துப் பேரேடும், பெயர்த்துண்டும், கொழுந்துக் கூடையும், காமன் கூத்தின் பாடலும் வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. அவை ஒரு மக்கள் கூட்டத்தின் இருப்புக்குரிய சாட்சிகளாகும்.

மலையக மக்களின் வருகையினது இருநூறாம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. விழா ஓராண்டோடு முடியும். அவர்களது உழைப்பினால் நிறைந்த திறைசேரியிலிருந்து அவர்களது நினைவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படுதல் இரத்தலன்று, உரிமையாகும். அதனைக் கேட்பதற்கு முன், தேயிலைப் பெட்டிகளிலும் பழைய தகரப் பேழைகளிலும் மடிந்துகிடக்கும் சான்றுகளைத் தேடித் தொகுத்தல், பல்கலைக்கழகம் புகுந்த நம் தலைமுறையின் கடமையாகும்.