சாவித்துளை மறைந்த கதை

செவ்ரொலே நிறுவனத்தின் கார்வெட், அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களில் நெடிய மரபுடையது. 1953ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் முதன்முதலாக 300 கார்கள் செய்யப்பட்டன. கண்ணாடியிழை உடல் கொண்ட அவற்றின் கதவுகளில் வெளிப்புறக் கைப்பிடி இல்லை; ஏற்றியிறக்கும் கண்ணாடியும் இல்லை. பக்கவாட்டிலிருந்து கையை உள்ளே நுழைத்து, உட்புறக் கைப்பிடியை இயக்கித்தான் கதவைத் திறக்க வேண்டும். கை நுழையும் கதவுக்குப் பூட்டினால் என்ன பயன்? 1956ஆம் ஆண்டு மாதிரியில்தான் ஏறியிறங்கும் கண்ணாடியும் வெளிக் கைப்பிடியும் வந்தன.

அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் வடிவமைப்பாளர்கள் அந்தக் கைப்பிடியை மீண்டும் மறைக்கவே முயன்றனர் எனலாம். 1968இல் கதவின் மேல்விளிம்பில் விரல் நுழைக்கும் ஒரு தகடும், கீழே தனியாக ஓர் அழுத்துபொத்தானும் இருந்தன. மறு ஆண்டே பொத்தான் நீங்கி, தகட்டை அழுத்தினாலே கதவு திறந்தது. ஆயினும் சாவித்துளை எஞ்சியது. சாவி உருளையைத் திருப்ப, உருளை நெம்புகோலை அசைக்க, பூட்டு விடுபடும். தொடக்கம் முதல் முடிவுவரை கையின் விசையே தொழிற்பட்டது.

சாவியின் இயல்பை மாற்றியது திருட்டு. 1986ஆம் ஆண்டு கார்வெட்டின் சாவியில் சிறு மின்தடை ஒன்று பதிக்கப்பட்டது. மொத்தம் 15 அளவுகள். பொருந்தாத சாவியைச் செருகினால் எஞ்சின் இயங்காது. இரும்புச் சாவி அன்றே பாதி மின்பொருளாகிவிட்டது.

2005ஆம் ஆண்டு மாதிரியில் கதவிலிருந்து சாவித்துளையே மறைந்தது. சட்டைப்பையில் உள்ள கருவியைக் கார் வானொலி அலைவழி உணரும். கதவின் பள்ளத்திலுள்ள விசையைத் தொட்டால் மின்சாரம் பூட்டை விடுவிக்கும். உள்ளிருந்து திறப்பதும் பொத்தான்வழியே. மின்கலம் ஓய்ந்தால்? பின்புறம் ஒளிந்திருக்கும் சாவித்துளையால் சாமான் அறையைத் திறந்து, அங்குள்ள இழுப்பானால் ஓட்டுநர் கதவை விடுவிக்கலாம். உள்ளே இருப்பவருக்கு இருக்கையின் அருகே, தரையில் ஒரு நெம்புகோல் உண்டு.

2015 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தர் நகரில், 72 வயது முதியவர் ஒருவர் தம் நாயுடன் 2007ஆம் ஆண்டுக் கார்வெட்டினுள் சிக்கினார். மின்கல இணைப்பு கழன்றிருந்ததால் பொத்தான் வேலை செய்யவில்லை. கோடை வெயிலில் இருவரும் இறந்தனர். நெம்புகோல் அவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

விதிப்படி வழி இருந்தது என்று இதைக் கடந்துவிட முடியாது. பதற்றத்தில் கை கதவைத்தான் தேடும், தரையைத் தேடாது. கைப்பிடி தன் பயனைத் தானே அறிவித்துக்கொண்டு நிற்பது. தரையிலுள்ள நெம்புகோலையோ கையேடு படித்தவர்தான் அறிவார். கதவு மொழுமொழுவென்று ஆனதற்கு ஈடாக, அந்த அறிவிப்பை நாம் இழந்திருக்கிறோம்.

இச்சிக்கல் ஸ்போர்ட்ஸ் கார்களோடு நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டு மாதிரி டெஸ்லா மாடல் ஒய் கார்களின் மின்கதவுக் கைப்பிடிகள் குறித்து அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2025 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அங்கும் கேள்வி ஒன்றே: மின்சாரம் நின்றபின் கதவு யாருக்குக் கட்டுப்படும்? திறவுகோல் என்ற நம் பழஞ்சொல்லில் ஒரு கோல் இருக்கிறது; கையால் பற்றக்கூடிய பொருள் அது. அது மறையலாம். ஆனால் கை இயல்பாகச் சென்று தொடும் இடத்தில், மின்சாரத்தை நம்பாத ஒரு பிடி இருந்தே ஆக வேண்டும்.