கஞ்சியும் உப்பும்: மன்னார் வழி பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

19ஆம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் பலர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வழியிலே வாந்திபேதி பலரைப் பலிகொண்டது. இம்மரணங்களை விதியென்றோ, அறியாமையென்றோ கூறி அமைதல் வரலாற்று நோக்காகாது.

வாந்திபேதியில் உயிரைப் போக்குவது உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுதலாகும். ஆயின், அக்கால ஐரோப்பிய மருத்துவம் இரத்தம் வடித்தலையும் பேதிமருந்தையுமே பெரிதும் நம்பிற்று. 1832இல் ஸ்கொத்லாந்து மருத்துவர் தோமஸ் லற்றா உப்புநீரை நாளத்திற் செலுத்திச் சிலரைப் பிழைப்பித்தும், அம்முறை நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்தது. நமது மரபும் முரண்பாடற்றதன்று. ஒருபுறம் அது உப்பிட்ட கஞ்சியும் மோரும் இளநீரும் கொடுத்தது. மறுபுறம் 'இலங்கணம் பரம ஔடதம்' எனக் கூறி வயிற்றைக் காயப்போட்டது. எனவே, மரபு முழுவதையும் போற்றுதலோ தள்ளுதலோ பொருந்தாது.

இம்முரண்பாடு தீர்ந்தது அண்மைக் காலத்திலேயே. குடற்சுவரிலே குளுக்கோசு, உப்பிலுள்ள சோடியத்தையும் உடன்கொண்டு செல்லும். நீர் அவற்றைத் தொடரும். வாந்திபேதியிலும் இவ்வியக்கம் கெடுவதில்லை. 1968இல் டாக்கா ஆய்வுகள் காட்டிய இவ்வழியை, 1971இல் மேற்கு வங்கத்துப் பொங்காவ் அகதி முகாமிலே திலீப் மகலனாபிஸ் பெருந்திரளான மக்களிடையே செயற்படுத்தினார். 30 வீதமளவிலிருந்த இறப்பு 4 வீதத்துக்குக் கீழே இறங்கிற்று. அரிசியின் மாப்பொருளும் குடலிலே குளுக்கோசாக மாறுவதால், உப்பிட்ட கஞ்சியின் பயனும் இவ்விதிக்கு அமைந்ததே.

இன்று இலங்கையிலே வயிற்றோட்டத்துக்கு 'ஜீவனி' கரைசல் வழங்கப்படுகின்றது. அது கிடையாவிடின், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்து, சிறிது சிறிதாகப் பருகலாம். அளவு மிகுதல் தீங்காகும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஏனையோரும் சோறு, கஞ்சி, வாழைப்பழம் முதலிய உணவைத் தொடர்தல் வேண்டும். மலத்தில் இரத்தம் காணினும், கண் குழிந்து சோர்வு மிகினும் வைத்தியசாலையை நாடுதல் அவசியம்.

அரிசியும் உப்பும் அன்றைய மன்னாருக்கு அரியன அல்ல. நடந்து சென்றவனுக்கு இல்லாதிருந்தவை தூய நீரும், கஞ்சி காய்ச்சும் பொழுதும், நோயுற்றபோது தங்கும் உரிமையுமாகும். மலையக நாட்டார் பாடல்களில் அவ்வழிப்பயணத்தின் துயரை ஆராய்வோர், நோயோடு உழைப்பை மலிவாக்கிய அந்த அமைப்பையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.